ராத்திரி வானத்தில் வரிசையாகப் போன விளக்குகள்

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வேரழுகல், செம்பேன், ஆட்டுக்குக் கழிச்சல் என்றுதான் கடிதங்கள் வரும். சில மாதங்களாக வானத்தைப் பற்றியும் வருகின்றன. ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள், களத்தில் காவல் படுக்கிறவர்கள், விடியற்காலையில் பால் கறக்க எழுந்திருக்கிறவர்கள்தான் இவற்றை எழுதுகிறார்கள். ஊரிலேயே வானத்தை அதிகம் பார்ப்பவர்கள் அவர்கள்தானே! ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் சொல்கிறேன். முதல் கடிதத்தில் ஒரு குடும்பத்தின் வெள்ளாமையே சிக்கியிருக்கிறது. அதனால் அதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

"எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை. மும்முனை மின்சாரம் எங்கள் பக்கம் ராத்திரி முறையில் வருகிறது. போன மாதம் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணி இருக்கும். மடை மாற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வானத்தில் இருபதுக்கும் மேற்பட்ட விளக்குகள் ஒரே கோட்டில் போவதைப் பார்த்திருக்கிறார். உச்சிக்குக் கொஞ்சம் மேற்கே ஓரிடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்து, வடகிழக்கே போயிருக்கின்றன. துளி சத்தம் இல்லை. அன்றிலிருந்து என் மாமனார் அவரை ராத்திரி கொல்லைக்கு விடுவதில்லை. காய் பிடிக்கிற நேரத்தில் இரண்டு தண்ணீர் தப்பிவிட்டது. குறி சொல்பவர் ஒருவர், 'நிலத்தின் மேல் கண் விழுந்திருக்கிறது, பரிகாரத்துக்கு ஒன்பதாயிரம் ஆகும்' என்கிறார். என்ன செய்வது?"
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட சகோதரி, விழுப்புரம் மாவட்டம்.

சகோதரி, முதலில் அந்த ஒன்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் வீட்டுக்காரர் பார்த்தது பொய்யும் இல்லை, பிரமையும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால், அவை புதிதாக ஏவப்பட்ட செயற்கைக்கோள்கள். அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இணைய வசதிக்காக 'ஸ்டார்லிங்க்' என்ற செயற்கைக்கோள்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பி வருகிறது. 2019-ம் ஆண்டு மே மாதம் முதல் கூட்டமாக 60 போயின. அதன்பிறகு ஆயிரக்கணக்கில் போய்விட்டன. ஒரே ராக்கெட்டில் போனவை ஒரே பாதையில்தான் இறங்கும். நாற்றங்காலில் ஒரே வரிசையில் விதைத்தது போல, முதல் சில நாட்களுக்கு அவை ஒட்டி ஒட்டிப் போகும். பிறகு ஒவ்வொன்றாக விலகி, இன்னும் உயரத்துக்கு ஏறி, மங்கிப்போய்விடும். அதனால்தான் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த வரிசை கண்ணில் படாது. ஊரில் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்க முடியாமல் போவதும், பார்த்தவரை மற்றவர்கள் கேலி செய்வதும் இதனால்தான்.

விளக்கே இல்லாத செயற்கைக்கோள் எப்படி ஒளிர்கிறது? இதை உங்கள் மாமனாரிடம் சொல்ல ஒரு வழி இருக்கிறது. சாயங்காலம் பொழுது இறங்கியதும் கொல்லையில் நிழல் விழுந்துவிடும். ஆனால், பனைமரத்தின் தலையில் மட்டும் வெயில் இன்னும் மஞ்சளாக இருக்கும். மரம் உயரம் என்பதால் அதற்குச் சூரியன் இன்னும் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை. அந்தப் பனைமரம் 300 கிலோமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுது விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே அதன் தலையில் வெயில் விழுந்துவிடும். நாம் பார்ப்பது அந்த வெயிலைத்தான்.

அவை ஓரிடத்தில் முளைத்தது போலத் தெரிந்ததற்கும் காரணம் இதுவே. பூமியின் நிழல் வானத்திலும் விழுகிறது. அந்த நிழலின் விளிம்பைத் தாண்டி ஒவ்வொன்றும் வெயிலுக்குள் வரும்போது, அங்கேதான் பிறந்தது போலத் தோன்றும். சாயங்காலத்தில் பார்த்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். கிழக்கே போய்க்கொண்டிருக்கும்போதே ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்துபோகும். நடுநிசியில் பெரும்பாலும் இவை தெரியாது. அப்போது அவையும் நிழலுக்குள்தான் இருக்கும். சத்தம் கேட்காததற்குக் காரணம், அவ்வளவு உயரத்தில் சத்தத்தைச் சுமந்துவரக் காற்று இல்லை.

ஆக, அவற்றுக்கு உங்கள் நிலம் எது, அடுத்தவர் நிலம் எது என்று தெரியாது. அதே ஐந்து நிமிடத்தில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று எல்லோர் கொல்லைக்கு மேலும் அவை போயிருக்கின்றன. கண் விழுந்திருந்தால் மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்துத்தான் பரிகாரம் செய்ய வேண்டியிருக்கும்!

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க மனசு இருந்தால் தாராளமாக வையுங்கள். அது உங்கள் வீட்டு வழக்கம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், பயத்தைக் காட்டிப் பணம் கேட்பது வேறு. விழுது இறங்கிக் காய் பிடிக்கும் பருவத்தில் மல்லாட்டைக்குத் தண்ணீர் தப்பினால் மகசூல் நிச்சயம் குறையும். உங்களுக்கு வந்த நட்டம் வானத்திலிருந்து வந்ததல்ல, பயத்திலிருந்து வந்தது.

உங்கள் மாமனாரின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. ராத்திரியில் கொல்லைக்குப் போவது உண்மையிலேயே ஆபத்தான வேலை. ஆனால், ஆபத்து தலைக்கு மேலே இல்லை, காலடியில் இருக்கிறது. வரப்பில் பாம்பு இருக்கலாம். மோட்டார் கொட்டகையில் ஈரக்கையால் ஸ்டார்ட்டரைத் தொடலாம். காற்றுக்கு அறுந்த கம்பி கிடக்கலாம். நல்ல டார்ச் விளக்கு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு தடி, சரியாகப் போட்ட எர்த், முடிந்தால் துணைக்கு ஒருவர் என்று ஏற்பாடு செய்யுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவழித்தால் மாமனாருக்கும் மனம் ஆறும்.

"டவுனில் வேலை முடித்து பைக்கில் வரும்போது மேற்கே ஒரு பெரிய வெளிச்சம் நிற்கிறது. நான் போனால் அதுவும் வருகிறது, நின்றால் அதுவும் நிற்கிறது. சிவப்பு, பச்சை என்று நிறம் மாறுகிறது. ஒரு வாரமாக இப்படி. டிரோனாக இருக்குமோ?"
– ஒரு வாசகர், கரூர் மாவட்டம்.

தம்பி, அது உங்கள் தாத்தாவுக்கு நன்றாகப் பழக்கமான ஆள்தான். வெள்ளி! விடியற்காலையில் கிழக்கே நின்றால் விடிவெள்ளி என்கிறோம். அதே வெள்ளி சில மாதங்கள் சாயங்காலத்தில் மேற்கே நிற்கும். சூரியனையும் நிலாவையும் விட்டால் வானத்தில் வழக்கமாக அதிக வெளிச்சமாக இருப்பது அதுதான். கடிகாரம் இல்லாத காலத்தில் விடிவெள்ளி முளைத்ததைப் பார்த்துத்தான் ஏர் பூட்டினார்கள். இப்போது கைப்பேசி மணி அடிப்பதால் அதை நாம் மறந்துவிட்டோம்.

கூடவே வருவது போலத் தெரிவது, அது கோடிக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால்தான். சாலையோரப் புளியமரம் சட்டென்று பின்னால் போகிறது. தூரத்து மலை மெதுவாகப் போகிறது. அவ்வளவு தூரத்தில் இருப்பது நகர்வதே தெரியாது. அதனால் நம்மோடு வருவது போலத் தோன்றும். சின்ன வயதில் பேருந்து ஜன்னல் வழியாக நிலா கூடவே வந்ததை நினைத்துப் பாருங்கள். அடிவானத்தில் இறங்கும்போது புழுதியும் ஆவியும் கலந்த காற்றின் வழியாக வெளிச்சம் வருவதால் நிறம் மாறி மாறி மின்னும்.

ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டு வாசலில் ஓரிடத்தில் நின்று, தென்னை மட்டைக்கு நேராக அது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள். சூரியன் இறங்குவது போல மேற்கே இறங்கியிருந்தால் அது வெள்ளியோ வியாழனோதான். சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் அளவுக்கு மேல் வெள்ளி வானத்தில் தங்காது.

இதில் ஏமாந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். லடாக் எல்லையில் நம் ராணுவ வீரர்களே இதில் குழம்பியிருக்கிறார்கள். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, அங்கே ஓர் ஏரிக்கு மேலே வெளிச்சம் தெரிந்ததாக 300 தடவைக்கு மேல் குறித்துவைத்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் உளவு டிரோனோ என்று சந்தேகம். பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் மையத்தின் உதவியைக் கேட்டார்கள். அங்கிருந்த அறிவியலாளர்கள் கணக்குப் பார்த்துச் சொன்ன பதில்: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. அவர்களால் அப்படி உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், வீரர்கள் நேரத்தையும் திசையையும் எழுதி வைத்திருந்ததுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கடிதத்தில் மறுபடியும் இந்த விஷயத்துக்கு வருவோம்.

"கத்தரித் தோட்டத்தில் ராத்திரியில் ஏதோ விழுந்திருக்கிறது. வெள்ளைப் பெட்டி, அதில் நீளமான நூல், கிழிந்த ரப்பர், குடை போல ஒரு துணி. உள்ளே மின்சாதனம் இருக்கிறது. குண்டாக இருக்குமோ என்று யாரும் கிட்டே போகவில்லை. என்ன அது?"
– ஒரு விவசாயி, நாகப்பட்டினம் மாவட்டம்.

ஐயா, உங்கள் பக்கத்து ஊரான காரைக்காலில் வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கத்திலும் இருக்கிறது. இந்த மாதிரி நிலையங்களிலிருந்து பெரிய பலூனில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி மேலே விடுவார்கள். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கணக்கெடுப்பதற்காக, நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 என்ற நேரங்களை ஒட்டி இதை விடுவது வழக்கம். பலூன் 30 கிலோமீட்டர் உயரம் வரைகூடப் போகும். போகிற வழியெல்லாம் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், திசை ஆகியவற்றைக் கருவி கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே போகப் போகப் பலூன் உப்பி வெடிக்கும். கருவி குடையில் தொங்கியபடி கீழே இறங்கும். 'அடுத்த மூன்று நாளுக்கு மழை' என்று நீங்கள் கேட்கும் செய்திக்குப் பின்னால் இந்தப் பெட்டியும் இருக்கிறது.

அது குண்டு இல்லை. ஆனாலும், உள்ளே பேட்டரி இருப்பதால் பிள்ளைகள் பிரித்து விளையாடக் கொடுக்க வேண்டாம். கிழிந்த ரப்பரையும் நூலையும் உடனே எடுத்துவிடுங்கள். மாடு மென்று விழுங்கினால் வயிற்றில் சிக்கிக்கொள்ளும். நூல் மின்கம்பியில் மாட்டியிருந்தால் மட்டும் கை வைக்காமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டுங்கள்.

விழுந்தது உலோகமாக இருந்தால் கதையே வேறு. 2022 ஏப்ரல் 2-ம் தேதி ராத்திரி, மகாராஷ்டிராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் பலர் வானத்தில் நெருப்புக் கோடுகள் போவதைப் பார்த்தார்கள். சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் சுமார் மூன்று மீட்டர் அகலத்துக்கு ஓர் உலோக வளையம் விழுந்து கிடந்தது. அந்த வட்டாரத்தில் உருண்டையான கலங்களும் கிடைத்தன. சீன ராக்கெட் ஒன்றின் பாகமாக இருக்க வேண்டும் என்று வானியலாளர்கள் கணித்தார்கள். நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. ராக்கெட்டின் கலங்களில் நச்சு எரிபொருள் மிச்சம் இருக்கக்கூடும். அதனால் அப்படி ஏதாவது விழுந்தால் தொடாதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் தூரமாக நிறுத்துங்கள். 112-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். நல்ல கனமாக இருக்கிறது என்று பழைய இரும்புக் கடைக்கு மட்டும் தூக்கிப் போய்விடாதீர்கள்.

"களத்தில் படுத்திருந்தபோது பச்சையாக ஒரு தீப்பந்து கிழக்கிலிருந்து மேற்கே ஓடி மறைந்தது. எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் வீட்டில் கெட்டது நடக்கும் என்கிறார்களே, உண்மையா அம்மா?"
– ஒரு மாணவி, தருமபுரி மாவட்டம்.

இல்லை, கண்ணு. பெயர்தான் எரிநட்சத்திரம். எந்த நட்சத்திரமும் விழுவதில்லை. விண்வெளியில் சுற்றும் மணல் அளவு, கூழாங்கல் அளவுத் துகள்கள் பூமியின் காற்றில் மிக வேகமாக வந்து உரசி, 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்துபோகின்றன. கொஞ்சம் பெரிய கல்லாக இருந்தால் தீப்பந்தாகத் தெரியும்.

கெட்டது நடக்குமா என்று கேட்டாய் அல்லவா? நீயே சோதித்துப் பார். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 13, 14 தேதிகளில், அதாவது கார்த்திகை மாதக் கடைசியில், எரிநட்சத்திரங்கள் நிறைய விழும். மேகம் இல்லாமல், நிலா வெளிச்சமும் இல்லாமல் இருந்தால், ராத்திரி பத்து மணிக்கு மேல் களத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள். ஒரு மணி நேரத்தில் பல டஜன் எண்ணலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடுதல் என்றால் ஊரே தாங்காது!

எரியாமல் மிச்சப்பட்ட கல் தரைக்கு வருவது அபூர்வம். 2022 ஆகஸ்ட் 17-ம் தேதி குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் அப்படி நடந்தது. ஒரு கிராமத்தில் வேப்பமரத்தில் பட்டு உடைந்தது. அடுத்த கிராமத்தில் ஒரு வீட்டுத் தரை ஓட்டை உடைத்தது. ஆராய்ந்து பார்த்தபோது அது மிக அரிய வகை விண்கல் என்று தெரிந்தது. இந்த மாதிரிக் கல் கிடைத்தால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

"நாற்பது வருடத்துக்கு முன்னால், கண்மாய்க்கு மேலே ஒரு வெளிச்சம் எழும்பி, இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகி மறைந்ததை நானும் என் அண்ணனும் பார்த்தோம். அண்ணன் இப்போது இல்லை. நான் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்களாவது சொல்லுங்கள், அது என்ன?"
– 71 வயது விவசாயி, சிவகங்கை மாவட்டம்.

பெரியவரே, உங்களுக்கு உண்மையைச் சொல்வதுதான் மரியாதை. அது என்னவென்று என்னால் சொல்ல முடியாது.

கொள்ளிவாய்ப் பிசாசு, சதுப்பு நிலத்து வாயு, யாரோ மீன் பிடிக்கக் கொண்டுபோன விளக்கு, தண்ணீரில் விழுந்த அதன் நிழல் என்று பலர் பல பதில் சொல்வார்கள். நானும் ஒன்றை எடுத்து உங்களிடம் நீட்டலாம். ஆனால், எந்த மாதம், எத்தனை மணி, எந்தத் திசை, எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் இல்லாமல் சொன்னால், அது குறி சொல்பவர் வேலையாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் நாசா, இப்படி விளக்கம் கிடைக்காத வானக் காட்சிகளைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. 2023 செப்டம்பரில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. இவை வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்றது. நல்ல விவரங்கள் இல்லாததே பெரிய தடை என்றும் சொன்னது. லடாக் வீரர்களுக்குப் பதில் கிடைத்தது குறித்து வைத்ததால். உங்களுக்குப் பதில் கிடைக்காதது அன்றைக்கு யாரும் குறித்து வைக்காததால். இவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் பார்த்தது பொய்யாகிவிடாது. பிள்ளைகளிடம் இதைக் காட்டுங்கள். 'தெரியவில்லை' என்பதும் ஒரு பதில்தான். அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை, பயப்படவும் வேண்டியதில்லை.

இனி பார்ப்பவர்களுக்கு

பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, மணி, திசை, எத்தனை நேரம் தெரிந்தது, சத்தம் உண்டா, விட்டு விட்டு மின்னியதா என்று எழுதுங்கள். உயரத்துக்கு, கையை நீட்டி முஷ்டியை மடக்கி, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. பிறகு இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்:

* ஒன்றிரண்டு நொடியில் ஓடி மறைந்தால், எரிநட்சத்திரம்.
* அரை நிமிடத்துக்கு மேல் மெதுவாகப் போய், துண்டு துண்டாக எரிந்தால், ராக்கெட் அல்லது செயற்கைக்கோள் மிச்சம்.
* மின்னாமல், சத்தமில்லாமல் நான்கைந்து நிமிடம் சீராக நகர்ந்தால், செயற்கைக்கோள். மிகவும் வெளிச்சமாக இருந்தால் அது சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. 2025-ல் நம் நாட்டு சுபான்ஷு சுக்லா போய்த் தங்கி வந்தது அங்கேதான்.
* சிவப்பும் பச்சையும் விட்டு விட்டு மின்னினால், விமானம். தாழ்வாக நின்று வண்டு போல ரீங்காரம் கேட்டால், டிரோன்.
* அரை மணி நேரத்தில் சூரியன் போல மெதுவாக மேற்கே சரிந்தால், கோளோ நட்சத்திரமோ.
* வட மாவட்டங்களில் வானத்தில் தீப்பிழம்பும் புகைக்கோடும் எழும்பினால், அன்றைக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவினார்களா என்று செய்தியில் பாருங்கள்.

இதில் எதிலும் சேராதது இருந்தால், குறித்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள். தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்கிறேன். விழுப்புரத்துச் சகோதரி, அடுத்த முறைத் தண்ணீரைத் தப்பவிடாதீர்கள். காய் எப்படிப் பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.